வெள்ளைக் குதிரையின் வலது முன்னங்கால்

அச்சன்புதூரில் நாங்கள் அந்தக் குதிரையைப் பார்க்கப் போனபோது அதன் நான்கு கால்களிலும் முழங்காலுக்கு மேல்வரை மஞ்சள் பூசியிருந்தார்கள். நெற்றியில் குங்குமம். வெள்ளைக் குதிரை, பெட்டை, நாலு வயது முடியவில்லை. வீட்டை விட்டுப் போகிற உயிர் என்பதால் அந்த வீட்டு அம்மா விடியும்போதே குளிப்பாட்டி, மஞ்சளைக் கெட்டியாகக் குழைத்துப் பூசி, சூடமும் காட்டி முடித்துவிட்டார்கள். பெற்ற பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி. அதைப் பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்துபோனது. நல்ல வீட்டுக் குதிரை என்று அந்த இடத்திலேயே தீர்மானம் பண்ணிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் குனிந்து காலைத் தடவினார். கை பட்ட இடமெல்லாம் மஞ்சள் வழித்துக்கொண்டு வந்தது.

"ஏங்க, சூடம் காட்டுன மஞ்சளுங்க. அழிச்சிராதீய, மெல்லத் தொடுங்க" என்றேன்.

அவரும் கையை லேசாக்கிக்கொண்டார். சாமி காரியத்தில் என் பேச்சை அவர் தட்டுவதில்லை.

எங்களுக்குக் குதிரைதான் சோறு. குற்றாலத்தில் சாரல் விழுகிற மாதங்களில், அருவிக்கு வருகிறவர்களின் பிள்ளைகளை ஏற்றி ஒரு சுற்று நடத்திக் கூட்டி வருவார். மற்ற மாதங்களில் மாப்பிள்ளை அழைப்பு, கோயில் கொடைத் திருவிழா. சீசனில் வருகிறதை வைத்துத்தான் வருஷம் ஓடும். பங்குனி மாசம் எங்கள் பழைய குதிரை வயிறு உப்பி, ஒரு பகல் முழுக்க உருண்டு, செத்துப்போனது. சாரலுக்கு முன்னால் இன்னொன்று வராவிட்டால் என்ன செய்வது என்று யோசிக்கக்கூடத் தெரியவில்லை. இவருக்கு வேறு தொழில் தெரியாது. எனக்கு எட்டாம் வகுப்போடு சரி.

இதில் இன்னொன்றும் உண்டு. இவருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. சர்க்கரை. வெளிச்சம் தெரியும், ஆள் நிற்பது நிழலாகத் தெரியும், முகம் தெரியாது. அதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் கையடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார். "கண்ணு தெரியாதவன் குதிரையில எவன்ட்டி பிள்ளைய ஏத்துவான்?" என்பார். தெருவில் யாராவது கேட்டால் தூசி விழுந்துவிட்டது என்பார். எத்தனை நாளைக்குத் தூசி விழும்? ஆகவே வாசலுக்குப் போவதையே விட்டுவிட்டார்.

அச்சன்புதூருக்குப் போகும் பஸ்ஸிலேயே பேசி வைத்துக்கொண்டோம். அவர் கையால் பார்ப்பார், நான் கண்ணால் பார்க்க வேண்டும். இளங்குதிரையின் காலில் பழைய அடையாளம் ஏதாவது இருக்கத்தான் செய்யும், அதைக் கண்டு பயப்படக்கூடாது என்றார். தொட்டால் சுடக்கூடாது. அமுக்கினால் காலை இழுக்கக்கூடாது. இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் கனம் வேறுபடக்கூடாது. "தழும்பு வேற, நோவு வேற. தழும்பு இருந்துட்டுப் போட்டும். நோவு இருக்கான்னுதான் பாக்கணும்."

வலது முன்னங்காலில், முழங்காலுக்குக் கீழே உள்பக்கமாக, அவர் விரல் நின்றது. மஞ்சளுக்கு அடியில் புளியங்கொட்டை போல ஒரு முடிச்சு. அமுக்கினார். குதிரை புல்லைத் தின்றுகொண்டே இருந்தது.

"செத்த முடிச்சு. குட்டியில எங்கயோ இடிச்சிருக்கும். எலும்பு ஊறி, ஆறி, கல்லாயிருச்சு. ஒண்ணும் செய்யாது" என்று என் காதில் சொன்னார். பிறகு, "நடை எப்படி?" என்றார்.

வைக்கோல் பரப்பிய களத்தில் அந்த அம்மா கயிற்றைப் பிடித்துக் குதிரையை நடத்திக் காட்டினார்கள். எனக்கு நன்றாகத்தான் தெரிந்தது. பேரனுக்கென்று வாங்கியதாம், அவன் படிக்க வெளியூர் போய்விட்டானாம். சொல்லும்போதே கண் கலங்கினார்கள். என் கையிலும் கழுத்திலும் கிடந்தது எல்லாம் சேர்ந்துதான் அந்தக் குதிரை ஆனது. தாலி மஞ்சள் கயிற்றுக்கு மாறியது.

குட்டியானை வண்டியில் ஏற்றி மேலகரம் வந்து இறக்கினோம். பக்கத்து வீட்டில் ஆட்டோ ஓட்டுகிறவர் எனக்குக் கொழுந்தன் முறை. வாய் சும்மா இருக்காது.

"மைனி, யானை மேல குதிரை வருதே! அடுத்து ஒட்டகம் எதுல ஏறி வருமோ?"

"நீ இழுத்துட்டு வா, ஒன் ஆட்டோல" என்றேன். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

மஞ்சளை உடனே கழுவ எனக்கு மனசு வரவில்லை. தானாக உதிரட்டும் என்று விட்டேன். அதற்குள் லாடம் அடிக்கிறவர் வந்து முன்னங்கால் இரண்டுக்கும் புது லாடம் அடித்துவிட்டுப் போனார். தார் ரோட்டில் நடக்கிற குதிரைக்கு அது வேண்டும். அதற்கு அடுத்த நாள்தான் குளிப்பாட்டினேன்.

மஞ்சள் கரைந்து ஓடியது. வலது முன்னங்காலில், அந்த முடிச்சுக்கு மேலே, குறுக்காக மூன்று கோடுகள். முடி முளைக்காமல், கறுத்து, தோல் சுருங்கி. வெள்ளைக் காலில் கரியால் கிழித்த மாதிரி. நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சூடு போட்ட தழும்பு. எங்கள் பக்கத்தில் மாடு நொண்டினால் இரும்பைக் காய்ச்சி இப்படித்தான் இழுப்பார்கள். அப்படியானால் இந்தக் குதிரை நொண்டியிருக்கிறது.

அந்தக் கையோடு இவரிடம் போய்ச் சொன்னேன். வந்து விரல் நுனியால் கோடுகளை ஒவ்வொன்றாகத் தடவினார். "மஞ்சப் பத்துக்குள்ள இது எனக்குத் தட்டுப்படலயேட்டி" என்றார். மெல்லத் தொடச் சொன்னதற்கு என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அச்சன்புதூர் அம்மாவுக்குப் போன் போட்டு, நொண்டிக் குதிரையை மஞ்சளால் மூடி விற்றுவிட்டீர்கள் என்று கத்தினேன்.

"அது நொண்டுனதுக்கு வச்ச சூடு இல்லம்மா. குட்டியில வாதம் வந்திரக்கூடாதுன்னு வச்சது. எங்க வீட்டு மாடு கன்னு எல்லாத்துக்கும் உண்டு. வேணும்னா வந்து பாரு" என்றார்கள்.

அந்தக் குரலில் பொய் இல்லை என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு என் காதில் ஏறவில்லை.

அதற்குப் பிறகு நான் அந்த ஒரு காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். புல் போடும்போது, தண்ணீர் காட்டும்போது, சாணி அள்ளும்போது. காலையில் எழுந்தால் சாமி படத்துக்கு முன்னால் அந்தக் கால்தான் கண்ணில் வரும். குற்றாலநாதா, அது நன்றாக நடக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போய், நடக்கிறதா என்று பார்ப்பேன்.

நான் பயந்தது வந்தது. ஒருநாள் காலையில் அவிழ்த்து நடத்தினபோது குதிரை நொண்டியது.

"சூடு போட்ட காலுதாங்க. அதேதான்" என்று ஓடிவந்து சொன்னேன்.

இவர் வந்து வலது காலைத் தோளிலிருந்து குளம்புவரை தடவினார். காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக் கல்லால் குளம்பைத் தட்டிப் பார்த்தார். முடிச்சை அமுக்கினார். சூடு இல்லை, வலி இல்லை, வீக்கம் இல்லை.

"நல்லாப் பாத்தியா?"

"என் கண்ணால பாத்தேன்."

"அப்ப கைக்குத் தட்டுப்படாம உள்ளுக்குள்ள என்னமோ இருக்கு" என்றார். அவருக்கு என் கண்தான் கண். அதற்கு மேல் அவர் என்ன கேட்பார்?

அந்த வாரம் சாரல் தொடங்கிவிட்டது. மேற்கே மலை தெரியவில்லை. கார்களும் வேன்களும் எங்கள் தெரு முனையைத் தாண்டிக் குற்றாலத்துக்குப் போய்க்கொண்டே இருந்தன. மற்றவர்களின் குதிரைகளும் சலங்கை கட்டிக்கொண்டு போயின. அந்தச் சத்தம் கேட்டால் இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். எங்கள் குதிரை கொட்டகையிலிருந்து கனைக்கும். அதற்கும் போக ஆசை.

கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா முகாமுக்குப் போயிருக்கிறார், திங்கட்கிழமை வருவார் என்றார்கள். அங்கிருந்து நேரே தென்காசிக் கோயிலுக்குப் போனேன். கோபுர வாசலில் எப்போதும் அடிக்கிற காற்று அன்றைக்கும் முகத்தில் அறைந்தது. எல்லாரும் சேலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி உள்ளே போகிறார்கள். நான் அந்தக் காற்றுக்குள்ளேயே நின்று அழுதேன். அங்கே நின்று அழுதால் யாருக்கும் தெரியாது, கண்ணில் காற்றடித்தது என்று நினைத்துக்கொள்வார்கள். விஸ்வநாதர் முன்னால் கேட்க எனக்கு வார்த்தையே வரவில்லை. கால், கால் என்றுதான் வந்தது.

வீட்டுக்கு வந்தால் கொழுந்தன் காத்திருந்தார்.

"மைனி, இதுக்கு டாக்டர் ஊசியெல்லாம் கேக்காது. பழைய சூடு ஆறிப் போச்சு, அதான் நோவு திரும்புது. அதே எடத்துல இன்னொரு இழுப்பு இழுத்தா குதிரை பறக்கும். நமக்குத் தெரிஞ்ச அண்ணாச்சி ஒருத்தரு இருக்காரு. ஞாயித்துக்கெழமை காலையில கூட்டியாறேன்."

இவருக்குச் சூட்டில் நம்பிக்கை இல்லை. இத்தனை வருஷத்தில் எந்தக் குதிரைக்கும் போட்டதில்லை. ஆனால் அன்றைக்கு, "சரி, வரச் சொல்லு" என்றார். கையில் ஒன்றும் மிச்சமில்லாதவன் பேசுகிற மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்த அண்ணாச்சி வந்தார். வயதானவர், நெற்றி நிறையத் திருநீறு. எங்கள் வீட்டுக்கு எதிரே ரோட்டோரம் மூன்று கல் வைத்து, சிரட்டையைப் போட்டுத் தீ மூட்டினார். தூறல் விழாமல் மேலே ஒரு தகரம். இரும்பைத் தீக்குள் செருகிவிட்டு என்னிடம் சூடம் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன். தீயைக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். மறுபடியும் அந்தத் தோலில் இழுக்கப் போகிறார்கள், அது என்ன பாவம் பண்ணியது என்று ஒரு மனசு. இழுத்தாவது நடக்கட்டுமே என்று ஒரு மனசு. சாமி இரண்டில் எதைக் கேட்டதோ.

தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். இவர் வாசற்படியோடு நின்றார்.

"தங்கச்சி, குதிரைய ஒருக்கா ஓட்டத்துல கொண்டு போயிட்டு வா. எங்கன பிடிக்குன்னு பாத்துக்கிடுதேன்" என்றார் அண்ணாச்சி.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு தார் ரோட்டில் குதிரையோடு ஓடினேன். அதுவரை நாங்கள் அதைக் கொட்டகைச் சகதியில்தான் நடத்தியிருக்கிறோம். தார் ரோட்டில் லாடம் டக், டக் என்று விழுந்தது. போய்த் திரும்பி வரும்போது பார்த்தால், இவர் படியை விட்டு இறங்கி நடு ரோட்டுக்கு வந்து நிற்கிறார். தலையைச் சாய்த்துக் காதை எங்கள் பக்கம் வைத்திருந்தார்.

"இன்னொருக்கா போ" என்றார்.

போனேன். வந்தேன். மூச்சு வாங்கியது.

"ஒரு அடி கனமா விழுது, ஒரு அடி பூனை மாதிரி விழுது" என்றார். "எந்தக் கால் எதுன்னு சத்தத்துல எனக்குப் பிடிபடல. ஏட்டி, தலை என்ன செய்யுது? அதைச் சொல்லு."

"தலையா? தலைய ஆட்டுது. சூடு போட்ட கால ஊனும்போது."

"எப்படி ஆட்டுது?"

"குனியுது."

"கீழயா போகுது? மேல இல்லயே?"

"கீழதாங்க. வலது கால ஊனுனா தலை கீழ போகுது. அப்புறம் மேல வருது."

அவர் முகம் மாறியது. கூட்டத்தில் ஒருவன் இவரிடம், "என்னண்ணே, நீங்களே பாக்க வேண்டியதுதான? கண்ணு முன்னாலதான ஓடுது" என்று சிரித்தான்.

இவர் அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"எனக்குக் கண்ணு தெரியலடே. அஞ்சாறு மாசமாத் தெரியல. அவதான் எனக்குப் பாக்கா" என்றார்.

தீக்குள் சிரட்டை வெடித்தது. இத்தனை நாள் நான் சத்தியம் பண்ணிக் காத்ததை எல்லாம் இவர் நடுத்தெருவில் ஒரு வார்த்தையில் அவிழ்த்துவிட்டார். நான் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.

அவர் அதோடு நிற்கவில்லை. "கேட்டுக்கோ. காலுல முள்ளு குத்துனவன் அந்தக் கால ஊனும்போது என்ன செய்வான்? ஒடம்பத் தூக்குவான். நல்ல கால் வந்ததும் பொத்துன்னு அதுல விழுவான். குதிரை தூக்குதது தலைய. தலை மேல போகுத கால்தான் நோவுத கால். கீழ விழுதது நல்ல கால்ல. நீ இத்தன நாளா நல்ல காலப் பாத்துக்கிட்டு இருந்திருக்க."

"இடது கால்ல ஒண்ணுமே இல்லயேங்க. சுத்தமா இருக்கே!"

"சுத்தமா இருக்கதுனாலதான் ஒருத்தரும் பாக்கல."

உண்மைதான். என் கண் அந்த மூன்று கோட்டை விட்டு நகரவே இல்லை. குதிரை நொண்டியதும் கண் தானாக அங்கேதான் போனது. அவருடைய கையையும் நான் அங்கேயே கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

அவர் குதிரையின் உடம்பைப் பிடித்துக்கொண்டே சுற்றி வந்து இடது முன்னங்காலைத் தொட்டார். முழங்கால், கணுக்கால், குளம்பு. குளம்பில் வைத்த உள்ளங்கையை எடுக்கவில்லை.

"கொதிக்கு" என்றார். "அண்ணாச்சி, ஒங்க குறட்டக் கொஞ்சம் கொடுங்க."

குறட்டால் லாட ஆணிகளை ஒவ்வொன்றாக லேசாகத் தட்டினார். வெளிப்பக்கம் கடைசி ஆணியில் தட்டியதும் குதிரை காலைப் பிடுங்கிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு பின்னால் போனது. ஆணி சதையை நெருக்கிப் போயிருக்கிறது. லாடம் அடித்த நாளிலிருந்து அது அந்த ஆணியின் மேல்தான் நின்றுகொண்டிருந்திருக்கிறது. நான் அதை அந்த ஆணியின் மேலேயே நிறுத்தி வலது காலுக்காகச் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஆணியைப் பிடுங்கியது சூடு போட வந்த அண்ணாச்சிதான். இவர் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார், அவர் குறட்டால் ஒரே இழுப்பு. ஓட்டையிலிருந்து கறுப்பாக நீர் வந்தது. நாற்றம் தாங்கவில்லை. குதிரை நீளமாக மூச்சு விட்டது.

அண்ணாச்சி தீயில் கிடந்த இரும்பை எடுத்துச் சாக்கடைத் தண்ணீரில் வைத்தார். சீறியது.

"நல்லவேள தம்பி. நல்ல காலச் சுட்டிருப்பேன். அந்தப் பாவம் எனக்குல்லா வந்திருக்கும்" என்று என் வீட்டுக்காரர் தோளைத் தொட்டார். கொழுந்தன், அத்தனை பேச்சுப் பேசுகிறவர், உள்ளே போய் உப்புப் போட்டு வெந்நீர் கொண்டுவந்து வைத்தார்.

மறுநாள் டாக்டரம்மா வந்து இன்னும் கொஞ்சம் திறந்து சீழை எடுத்து, ஊசி போட்டு, கட்டுப் போட்டார். ஆறும், ஆனால் நாளாகும், அதுவரை யாரையும் ஏற்றக்கூடாது என்றார். நாளாகத்தான் செய்தது. சீசனில் பாதி போய்விட்டது. எப்படிச் சாப்பிட்டோம் என்பதை இங்கே எழுதவில்லை. அச்சன்புதூர் அம்மா ஒருநாள் வந்து பார்த்துவிட்டு ஒரு மூட்டை கொள்ளு இறக்கிவிட்டுப் போனார்கள். நான் போனில் பேசிய பேச்சுக்கு அவர்கள் செய்தது அது.

ஆறினபிறகு முதல் நாள் குற்றாலத்துக்கு நானும் கூடப் போனேன். கயிறு என் கையில். இவர் குதிரையின் பின்பக்கம் ஒரு கை வைத்தபடி கூட நடந்தார். தூசி விழுந்தது என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை, அதற்குள் எல்லாக் குதிரைக்காரர்களுக்கும் தெரிந்துவிட்டது. குற்றாலநாதர் கோயில் பக்கமாக நின்று கும்பிட்டுவிட்டுக் காத்திருந்தோம். மதியம்வரை யாரும் ஏறவில்லை. வந்தவர்கள் காலைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். வெள்ளைக் குதிரையில் கறுப்புக் கோடு தூரத்திலிருந்தே தெரியும்.

தலை ஈரமாக ஒரு அம்மா, கையில் சின்னப் பெண்ணோடு வந்தார். பெண் குதிரையைக் கண்டு குதித்தது. அந்த அம்மா குனிந்து பார்த்தார்.

"என்னங்க இது கால்ல? சூடா? நொண்டிக் குதிரையில பிள்ளைய ஏத்துறீங்களா?"

பெண்ணின் கையைப் பிடித்து அவர் திரும்பிவிட்டார். அப்போது இவர் பின்னாலிருந்து, "ஏட்டி, ஓட்டிக் காட்டு" என்றார்.

நான் கயிற்றைப் பிடித்து அந்த ரோட்டில் ஓடினேன். சேலை காலில் தடுக்கியது. போய்த் திரும்பி வந்தேன். நாலு குளம்புச் சத்தமும் ஒன்றுபோல் விழுவது எனக்கே கேட்டது. கேட்கத் தெரியாதவளுக்கே கேட்டது.

"கால விட்டுட்டு தலையப் பாருங்கம்மா" என்றேன் மூச்சிரைக்க. "தலை ஆடுனா ஏத்தாதீங்க."

இன்னொரு தடவை ஓடிக் காட்டினேன். அந்த அம்மா குதிரையின் தலையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு இவர் நிற்கிற விதத்தைப் பார்த்தார். என்ன புரிந்ததோ.

"மெதுவா நடத்துங்க" என்று பெண்ணைத் தூக்கிக் கொடுத்தார்.

குழந்தையைச் சேணத்தில் உட்காரவைத்தேன். கனம் ஏறியதும் குதிரை வலது காலை முன்னால் வைத்தது. பின்னாலிருந்து இவர், "நட" என்றார்.